மாணவர்களை ஏன் கேட்கவில்லை?

சிங்கப்பூரின் யேல்-என்யுஎஸ் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறி மறுபயனீட்டுக்குப் போய்விட்டன. கல்லூரியை நடத்திய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்) மன்னிப்புக் கேட்டுவிட்டது. ஆனால் மிஞ்சிய நூல்கள் வேண்டுமா என்று விரிவுரையாளர்களைக் கேட்டவர்களுக்கு, மாணவர்களையும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, அதை எப்படி மன்னிப்பது?

ஏறக்குறைய 45,000 நூல்களில் கொஞ்சம் போனால் என்ன என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரியில் என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். கணிதம் படிக்க வந்தவரும் அங்கே ராமாயணமும் ஹோமரின் ஒடிஸியும் படித்தார். இலக்கியம் படிக்க வந்தவர் அறிவியல் எப்படி ஓர் உண்மையை நிறுவுகிறது என்று கற்றார். சிறு வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து, படித்த பக்கத்தைக் காட்டி வாதாடுவதே அங்கே பாடம். அப்படி நான்காண்டு பயின்ற கடைசி அணியினர் பட்டம் பெற்ற அதே 2025 மே மாதத்தில், நூலகப் புத்தகங்கள் பழைய தாளாகிப் போவதை அவர்கள் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

ஒரு மின்னஞ்சல் போதுமே! வாசலில் மேசை போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தால் மாலைக்குள் காலியாகியிருக்கும். கொடுப்பதற்கு முன் நூலக அடையாளச் சில்லுகளை அகற்ற ஆளில்லை என்றால், மாணவர்களே உட்கார்ந்து உரித்துக் கொடுத்திருப்பார்கள்.

கேட்காமல் செய்வது இவர்களுக்குப் புதிதா? 2021 ஆகஸ்ட் 27ஆம் தேதி கல்லூரியையே மூடப்போவதாக அறிவித்தபோது யாரைக் கேட்டார்கள்? முதல் மாணவர்களைச் சேர்த்தது 2013இல்தான். பத்தாண்டுகூட ஆகாத கல்லூரி. அந்த ஆண்டுப் புதிய மாணவர்கள் விடுதியில் பெட்டியைப் பிரித்து அடுக்கிய கையோடு, நீங்கள்தான் கடைசி அணி என்றார்கள். பேராசிரியர்களுக்கும் அது முடிந்துபோன முடிவாகத்தான் வந்து சேர்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டும் முடிவு இம்மியளவும் அசையவில்லை. இத்தகைய கல்வி இன்னும் பலருக்கு எட்ட வேண்டும் என்று காரணம் சொல்லி, இதற்குப் பதிலாக 2022இல் என்யுஎஸ் கல்லூரியைத் திறந்தார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். நல்ல நோக்கத்தை முன்கூட்டியே சொல்வதற்கு என்ன தயக்கம்?

கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, அவர்களிடம் எதையும் கேட்காமலே முடிவெடுப்பது ஆணவம். மன்னிப்பு அறிக்கையால் அது தீராது. அடுத்து எதை மூடினாலும் எதை இணைத்தாலும், அங்கே படிப்பவர்களையும் கற்பிப்பவர்களையும் முதலில் அழைத்துப் பேசுங்கள்.