வேலியோரக் காந்தளும் குடியானவர் கடமையும்

தாம்பரத்திற்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள கிராமங்களில், ஆனி ஆடி மாதங்களின் மழை விழுந்ததும் பழைய வேலிகளினூடே மெல்லிய கொடியொன்று தலை நீட்டும். அதன் இலை நுனியே பற்றுக் கம்பியாகச் சுருண்டு, அருகிலுள்ள முள்ளையோ குச்சியையோ பிடித்து மேலேறும். புரட்டாசி முதல் கார்த்திகை வரையில் அதில் மலரும் பூ முதலிற் பச்சை கலந்த மஞ்சளாகவும், பின்னர்ச் செம்மஞ்சளாகவும், முடிவில் நெருப்புச் சிவப்பாகவும் நிறம் மாறும். இதுவே செங்காந்தள். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்பனவும் இதன் பெயர்களே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறப்படும் மலர்களுள் முதலில் நிற்பது இம்மலர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே தேசமும் இதனையே தன் தேசிய மலராகக் கொண்டுள்ளது.

இத்துணைச் சிறப்புடைய கொடிக்கு இப்பகுதியில் இடம் குறுகி வருகிறது. புன்செய் நிலங்கள் மனைகளாகின்றன. கிளுவையும் களாவும் கள்ளியும் நின்ற உயிர் வேலிகள் சுற்றுச் சுவர்களாகின்றன. இவற்றைத் தடுத்தல் ஒரு தனிக் குடியானவரால் இயலாது. ஆனால் மற்றொரு கேடு முற்றிலும் மனிதர் கையில் உள்ளது. பூவின் அழகைக் கண்டு ஆசைப்பட்டவர், தம் தோட்டத்தில் வைக்க வேண்டுமென்று, காட்டுப் புதரிலிருந்து கொடியைக் கிழங்கோடு பிடுங்கி வருவதே அது. இவ்வழக்கம் அறவே ஒழிய வேண்டும். காந்தளை விரும்புவோர் விதையிலிருந்து அதனைத் தம் வேலியிலேயே வளர்த்துக்கொள்வதே முறையாகும்.

காட்டிலிருந்து பிடுங்குவதனால் பிடுங்கியவருக்கும் பயன் இல்லை. காந்தளின் கிழங்கு கலப்பை போன்று வளைந்து இரு கிளைகளாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. அம்முளை மிகவும் நொய்தானது. ஒடிந்தால் அப்பக்கம் மீண்டும் முளைப்பதில்லை. அன்றியும், முளைத்த கொடி பழைய கிழங்கின் சத்தை உண்டே வளர்கிறது. பழைய கிழங்கு சுருங்கச் சுருங்க அடியிற் புதிய கிழங்கு திரள்கிறது. பூத்திருக்கும் சமயத்தில் தோண்டினால் பழையது தீர்ந்திருக்கும், புதியது முற்றியிராது. இரண்டும் இழப்பே. மேலும், நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக் காடுகளில் எவ்விதச் செடியையும் கிழங்கையும் அனுமதியின்றி எடுத்தல் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றமாகும்.

மேல்நாட்டுத் தோட்டக்காரரும் இப்பாடத்தை அனுபவத்தால் கற்றுள்ளனர். ஐரோப்பாவில் குளிர்காலம் முடியுமுன்னரே மஞ்சளாகப் பூக்கும் வின்ட்டர் அக்கோனைட் என்னும் சிறு செடியும் நஞ்சுள்ள கிழங்குடையதே. காயவைத்துக் கடைகளில் விற்கப்படும் அதன் கிழங்குகளிற் பல முளைப்பதில்லை. ஆதலின் அங்குள்ளோர் விதை உதிர்ந்து தானே பரவுமாறு அதனைக் கலைக்காமல் விட்டுவிடுவர். பொறுமையே அதற்குச் சிறந்த எரு. நம் காந்தளுக்கும் அதுவே பொருந்தும்.

விதையினால் விருத்தி செய்யும் முறை கடினமானதன்று. காந்தள் மலரின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால், தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழுவதில்லை. ஒரே கொடி நிற்கும் தோட்டத்திற் காய் குறைவாகப் பிடிப்பதன் காரணம் இதுவே. காலை வேளையில் ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றொரு கொடியின் சூல்முடியில் மென்மையாகத் தடவினால் காய் நன்கு பிடிக்கும். காய்கள் பசுமை மாறிச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, செந்நிற விதைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். இவ்விதை முளைக்கச் சில வாரம் முதற் சில மாதம் வரையிற் செல்லும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிடலாகாது. முதலாண்டில் ஒரு சிறு தளிரும், மண்ணுக்குள் ஒரு சிறு கிழங்குமே உண்டாகும். பூவைக் காண மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு காலம் காத்திருப்பவர் யார் என்று சிலர் வினவலாம். தென்னங்கன்றை நட்டவர் அதனினும் நெடுங்காலம் காத்திருக்கவில்லையா? எனினும், விரைவில் பூ வேண்டுவோர் கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் இதனைச் சாகுபடி செய்யும் குடியானவரிடமிருந்து கிழங்கு வாங்கிக்கொள்ளலாம். கிழங்கு ஒன்று 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாகவும், முளை ஒடியாததாகவும் இருத்தல் நலம். ஆனி, ஆடி மாதங்களில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டத்தில் வைத்து மண்ணால் மூட வேண்டும். வேலியின் கிளுவையே அதற்குக் கொழுகொம்பாகும். கரும்புழு இலையைத் தின்னுமாயின் கையால் பொறுக்கி அழித்துவிடலாம். தை, மாசியிற் கொடி காய்ந்து மடிவதைக் கண்டு செடி இறந்ததென எண்ண வேண்டா, கிழங்கு உறங்குகிறது. அடுத்த மழை வரையில் நீர் பாய்ச்சாமல் விடுவதே அதற்குச் செய்யும் உதவி.

நீர் தேங்குதலே காந்தளின் பெரும் பகை. மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் முதலிய இடங்களில் சரளை கலந்த செம்மண் மேடுகள் ஏற்றவை. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர்ப் பகுதி தாழ்வானது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை அங்குள்ளோர் மறந்திரார். அத்தகைய நிலத்தில் ஒன்றரை அடி உயரத்திற்கு மண் அணைத்து, அதன்மேல் நடுவதே தக்கது. வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

இனி, காந்தளுக்கு எதிராகக் கூறப்படும் பெரிய தடையைக் கவனித்தல் வேண்டும். இது நஞ்சு, இதனை வீட்டருகே வைப்பது அறிவுடைமையா என்பர். நஞ்சென்பது உண்மை. கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்னும் சத்து உள்ளது. உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் உண்டாகி, பின்னர் உள்ளுறுப்புகள் கெட்டு உயிருக்கே அபாயம் நேரும். பிழைத்தவருக்கும் சில நாட்களுக்குப் பின் தலைமயிர் உதிர்வதுண்டு. இலங்கையில் இதனைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் உளர். ஆடு மாடுகளுக்கும் இது ஆகாது. மலரை உற்று நோக்கினால் கண் நோகும் என்று முன்னோர் கூறியதற்கு ஆதாரமில்லை. எனினும் அச்சொல் குழந்தைகளை விலக்கி வைக்க உதவியது.

ஆயினும், அரளியும் ஊமத்தையும் நஞ்சுடையனவே. அவற்றைக் கோயில் நந்தவனங்களிலிருந்து எவரும் களைந்தெறியவில்லை. இன்னதென்று அறிந்து பழகுகின்றனர். அறியாமையே கொல்கிறது. ஆதலின் காந்தளைக் கிழங்குப் பயிர்களின் அருகே நடலாகாது. தோண்டிய கிழங்கைச் சமையற்கட்டிலோ, உணவுக் கிழங்குகளோடு ஒரே கூடையிலோ வைக்கலாகாது. கையுறையோடு கையாண்டு, பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டிலுள்ள சிறுவருக்கும் கூலியாட்களுக்கும் செடியைக் காட்டிச் சொல்லி வைக்க வேண்டும். எவரேனும் தவறி உண்டுவிட்டால், வாந்தி வரும் வரையிற் காத்திராமலும், கைமருந்து கொடுத்துக் காலம் கடத்தாமலும், உடனே 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

அச்சத்தைத் தரும் அதே கால்சிசின், கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. 1937-ஆம் ஆண்டில் பிளேக்ஸ்லி, ஏவரி என்னும் அமெரிக்க அறிஞர் இதனால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று வெளியிட்டனர். பயிர் இன விருத்திக்கு அது பெரிதும் பயன்பட்டது. மேல் மாவட்டங்களில் விதைக்காகவே காந்தள் சாகுபடியாவதும் இம்மருந்தை முன்னிட்டே. ஆனால் தாம்பரத்துக் குடியானவர் இதனைப் பணப்பயிராகக் கருதி முதலிட வேண்டா. வாங்குவோர் சிலரே, விலை ஓராண்டு ஏறி மறு ஆண்டு சரியும், நட்டம் முழுவதும் பயிரிட்டவர் தலையிலேயே விழும். வேலியோரத்தில் பத்துக் கொடிகள் நின்றால் போதும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஏரிக்கரைகளையும் புறம்போக்குப் புதர்களையும் சுத்தம் செய்யும் வேலையைத் தை மாதத்திற்குமேல் வைத்துக்கொண்டால், காந்தள் விதை முற்றி உதிர்ந்திருக்கும். கிழங்கும் மண்ணுள் உறங்கும். மண்ணைப் புரட்டாமல் மேற்செடியை மட்டும் அறுத்தால் அது பிழைத்துக்கொள்ளும். இதற்குத் தனிச் செலவும் இல்லை, உத்தரவும் வேண்டுவதில்லை.

மாநில மலர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை, அதனைப் படத்தில் மட்டும் கண்டால் போதாது. இவ்வாண்டு விதைக்கப்படும் ஒரு கைப்பிடி விதை, நான்காம் ஆண்டு கார்த்திகையில் அப்பிள்ளையின் ஊர் வேலியிலேயே பூக்கும். சுவர் எழுப்ப இடம் விட்ட குடியானவர், வேலிக்கும் இரண்டு முழம் விட்டு வைப்பாராக.