ஜெயிச்சாலும் மேல ஏத்த மாட்டாங்களாம்

ஒரு டீம் இரண்டாம் டிவிஷன்ல சாம்பியன் ஆகுது. அடுத்த வருஷம் முதல் டிவிஷனுக்குப் போகணும், அதுதானே நியாயம்? மெக்சிகோவில 2020-க்கு அப்புறம் அது கிடையாது. அட்லாண்டேன்னு ஒரு கிளப் 2021-லயும் 2022-லயும் வருஷக் கடைசியில நடக்கற சீசன்ல கோப்பை வாங்குச்சு. கையில கோப்பையைக் கொடுத்துட்டு, "ரொம்ப சந்தோஷம், இங்கயே இருங்க"ன்னுட்டாங்க.

ஏதோ பேர் தெரியாத கிளப்னு நினைச்சுடாதீங்க. 1916-ல மெக்சிகோ சிட்டியில கொண்டேசா பக்கம் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவங்க பணக்காரங்க இல்ல, வேலைக்குப் போற பசங்க. பேர் வெச்ச கதையே ஒரு தமாஷ். முதல்ல சினலோவா. அப்புறம் லூசிட்டானியா, அதாவது முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரன் மூழ்கடிச்ச கப்பல். அதுக்கப்புறம் யு-53, அது ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்! மூழ்கின கப்பல் பேர்ல இருந்து மூழ்கடிக்கற கப்பல் பேருக்குத் தாவிட்டாங்க :) கடைசியாத்தான் அட்லாண்டே.

அந்தக் காலத்துல மெக்சிகோ கால்பந்துன்னா எஸ்பான்யா, அஸ்டூரியாஸ்னு ஸ்பெயின்ல இருந்து வந்தவங்க வெச்சிருந்த கிளப்புங்க ஒரு பக்கம். மின்சாரக் கம்பெனி பின்னால நின்ன நெகாக்ஸா இன்னொரு பக்கம். நடுவுல இவங்க. ஆடறவனும் கறுப்பு, பாக்க வர்றவனும் கறுப்பு. அதனால 'பிரியேத்தித்தோஸ்'னு பட்டப்பேர். நம்ம பாஷையில 'கருவாப் பசங்க'ன்னு வெச்சுக்கலாம். கிண்டலா சொன்னாங்களோ செல்லமா சொன்னாங்களோ, இவங்க அதையே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. 'மக்களோட டீம்'ங்கற பேரும் அப்படி வந்ததுதான். 1930 முதல் உலகக் கோப்பையில பிரான்ஸ்கிட்ட மெக்சிகோ 4-1ன்னு தோத்துதே, அந்த ஒத்தை கோலை அடிச்ச ஹுவான் கரேன்யோ அட்லாண்டேகாரர். மெக்சிகோவோட முதல் உலகக் கோப்பை கோல் அது.

இரண்டாம் டிவிஷனும் இவங்களுக்குப் புதுசில்ல. 1976-ல இறங்கி அடுத்த வருஷமே ஏறினாங்க. 1990-ல மறுபடி இறங்கினாங்க. 1991-ல பச்சூக்காவோட ஃபைனல் பெனால்டி வரைக்கும் போச்சு. அதுல முடிவா அமைஞ்ச பெனால்டியை அடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? அட்லாண்டேவோட கோல்கீப்பர் ஃபெலிக்ஸ் ஃபெர்னாண்டஸ். ஏறினதோட நிக்கல. ரெண்டே வருஷத்துல, 1993-ல, ரிகார்டோ லா வோல்பே கோச்சா இருந்தப்ப மான்டெரேயை ரெண்டு ஃபைனல்லயும் தோற்கடிச்சு நாட்டுக்கே சாம்பியன். 1947-க்கு அப்புறம் 46 வருஷம் கழிச்சு!

இந்த 1991-93 கதைதான் எனக்கு முக்கியம். கீழ கிடக்கறவன் ரெண்டு வருஷத்துல உச்சிக்குப் போகலாம்னா, போன வாரம் 5-0ன்னு தோத்தவன் கூட அடுத்த வாரம் டிக்கெட் எடுத்து வந்து உக்காருவான். அந்த வழியை அடைச்சுட்டா மிச்சம் இருக்கறது வெறும் உடற்பயிற்சி. அதைப் பாக்க யார் வருவாங்க?

2020-ல கொரோனாவைக் காரணம் காட்டி முதல் டிவிஷனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவுல இருந்த ஏறுறது இறங்குறது ரெண்டையும் நிறுத்தினாங்க. கீழ இருக்கற கிளப்புங்க கடன்ல தவிக்குது, சம்பளம் ஒழுங்கா போகல, அதுங்களை முதல்ல நிமிர்த்தி விடறோம்னாங்க. அதுல பாதி உண்மைதான், மறுக்கல. ஆனா கொரோனாவுக்கு முன்னாடியே இந்த வழியில முள்ளு போட்டாச்சு. 2018-ல டபசூலா ஊரோட கஃபெடலேரோஸ் ஜெயிச்சு மேல போக வேண்டியது. உள்கட்டமைப்பு அது இதுன்னு கணக்குல தேறலன்னு சொல்லி, பதிலா 12 கோடி பெசோ கொடுத்து உக்கார வெச்சாங்க. அந்தப் பணத்தைக் கட்டினது இறங்கியிருக்க வேண்டிய லோபோஸ் டீம். ஆக, தோத்தவன் காசு கட்டி மேலயே இருந்தான், ஜெயிச்சவன் காசு வாங்கிக் கீழயே இருந்தான். 2019-ல சான் லூயிஸ் ஏறினதோட கதவு சாத்தியாச்சு. கடைசி இடத்துக்கு வர்றவங்களுக்கு இறக்கம் கிடையாது, அபராதம் மட்டும்தான். பெரிய முதலாளிக்கு அபராதம் என்ன பெரிய விஷயம்?

களத்துல வழி இல்லைன்னா வேற எது வழி? வேற யாரோட இடத்தையாவது விலைக்கு வாங்கணும். மெக்சிகோவில லீக்ல இருக்கற இடமே ஒரு சொத்து. பட்டா மாத்தி எழுதற மாதிரி ஊர் விட்டு ஊர் மாத்திக்கலாம்.

இதுல அட்லாண்டேவும் யோக்கியம் இல்லைங்கறதையும் சொல்லிடணும். 2007-ல தலைநகர்ல கூட்டம் வரலைன்னு மூட்டையைக் கட்டிக்கிட்டு கான்குனுக்குப் போனாங்க. அமெரிக்கா, பூமாஸ், க்ரூஸ் அசூல்னு மூணு பெரிய டீம் இருக்கற ஊர்ல நாலாவது கடை நடத்தறது கஷ்டம்தான், ஓனர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்லல. ஆனா பிறந்த பேட்டையை விட்டுட்டு டூரிஸ்ட்டுங்க வெயில் காயற கடற்கரைக்கு 'மக்களோட டீம்' போறதுன்னா எந்த மக்கள்? கொடுமை என்னன்னா, போன முதல் சீசன்லயே சாம்பியன் ஆயிட்டாங்க. அப்புறம் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக். 2009 டிசம்பர்ல அபுதாபியில கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, எதிர்ல பார்சிலோனா. அஞ்சாவது நிமிஷமே கியெர்மோ ரோஹாஸ் கோல் அடிச்சு அட்லாண்டே 1-0! அந்த வருஷம் எல்லாத்தையும் ஜெயிச்ச பார்சிலோனாங்க அது. அப்புறம் பஸ்கெட்ஸ் சமன் பண்ணி, மெஸ்ஸி மாற்று ஆளா உள்ள வந்த கையோட ஒண்ணு போட்டு, பெட்ரோ இன்னொண்ணு போட்டு 3-1னு முடிச்சாங்க. அந்த அரைமணி நேர முன்னிலை போதும்யா ஒரு ரசிகனுக்கு. அஞ்சு வருஷம் கூட ஆகல, 2014-ல இறங்கியாச்சு.

2020-ல மெக்சிகோ சிட்டிக்கே திரும்பி வந்தாங்க. அதே வருஷம் நடந்த மத்த வேடிக்கைகளைப் பாருங்க. அட்லாண்டே போனதும் காலியான கான்குனுக்கு, மேல சொன்னேனே அந்தக் கஃபெடலேரோஸோட இடம் வந்துடுச்சு. முதல் டிவிஷன்ல இருந்த மொரேலியா டீமை, ஊர் ஜனம் தெருவுல இறங்கிப் போராடியும் கேக்காம மசாட்லானுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. 2000-ல சாம்பியன் ஆன டீம் அது. அழுத மொரேலியாவுக்கு சமாதானமா சகாடெபெக் டீமோட இரண்டாம் டிவிஷன் இடத்தை வாங்கிக் கொடுத்தாங்க.

2025 கடைசியில வந்த செய்தி இதுக்கெல்லாம் மேல. அட்லாண்டே முதல் டிவிஷனுக்குத் திரும்புது, மசாட்லானோட இடத்தை வாங்கிங்கறாங்க. அதாவது மொரேலியாகிட்ட இருந்து பிடுங்கின அதே நாற்காலி! பழைய ரசிகர்கள் துள்ளிக் குதிக்கறது புரியுது, 11 வருஷம் பட்டினி. எனக்கும் அந்த நீலமும் செந்நிறமும் கலந்த சட்டையை மேல பாக்க ஆசைதான். ஆனா 2021-லயே, 2022-லயே களத்துல சம்பாதிச்ச இடம் அது. சம்பாதிச்சப்ப கொடுக்காம, காசு கொண்டு வந்தா கொடுக்கறோம்னா, 1991-ல அந்த கோல்கீப்பர் ஓடி வந்து பெனால்டி அடிச்சதுக்கு என்ன மரியாதை? மசாட்லான்ல ஆறு வருஷமா ஒரு டீம்மேல பாசம் வெச்ச பொடியனுக்கு யார் பதில் சொல்லுவா?

ஸ்டேடியம் சரியா இருக்கா, சம்பளம் ஒழுங்கா போகுதான்னு எவ்வளவு கறாரா வேணும்னாலும் பாருங்க. தேறினவன் ஜெயிச்சா ஏத்துங்க, தோத்தவனை இறக்குங்க. இடத்தை மட்டும் ஊரோட சேர்த்து ஆணி அடிச்சு வைங்க, விக்கற சரக்கா வெக்காதீங்க.

சகாடெபெக்கை மறந்துட்டேன் பாருங்க, எல்லாரும் மறக்கற மாதிரியே. கரும்பு ஆலையைச் சுத்தி வளர்ந்த சின்ன ஊர். 1955, 1958-னு ரெண்டு தடவை நாட்டுக்கே சாம்பியன். 2020-ல அவங்க டீம் மொரேலியாவுக்குப் போனப்ப, தெருவுல இறங்கிக் கத்தறதுக்குக் கூட மொரேலியா அளவுக்கு அங்க ஜனம் கிடையாது.