படத்தைக் காப்பி எடுத்தால் பேரேடு வந்துவிடாது



பேரேடு எழுதிய காலத்தில் பேரேடு எங்கே இருக்கிறது என்று எந்த முதலாளியையும் கேட்க வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். இப்போது கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவரிடம், "உங்கள் பாக்கிக் கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் திரையில் இருக்கும் சிறு படத்தைக் காட்டி, "இதோ, இதுதான்" என்பார்கள். அது கணக்கு அல்ல. கணக்கு இருக்கும் இடத்தைச் சொல்லும் துண்டுச் சீட்டு.

அந்தச் சீட்டுக்கு ஷார்ட்கட் என்று பெயர். ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் 1991-ல் சிஸ்டம் 7 வந்தபோது இது ஏலியாஸ் என்ற பெயரில் வந்தது. அதில் சீட்டின் பெயர் சாய்ந்த எழுத்தில் தெரியும். பார்த்தவுடன் இது அசல் இல்லை என்று புரிந்துவிடும். நம் கடைகளுக்கு அதிகம் வந்தது விண்டோஸ்தான். 1995 ஆகஸ்ட் 24-ல் வெளியான விண்டோஸ் 95-ல் படத்தின் கீழ் மூலையில் ஒரு சிறிய அம்புக்குறி மட்டும் வைத்தார்கள். பில் போடும் அவசரத்தில் அந்த அம்புக்குறியை யார் கவனிப்பது?

மிளகாய் மூட்டை பின்கிடங்கில் இருக்கிறது. "மிளகாய், பின்கிடங்கு, மூன்றாம் வரிசை" என்று ஒரு சீட்டு எழுதிக் கல்லாவில் ஒட்டியிருக்கிறோம். சீட்டைக் கிழித்துப் போட்டால் மிளகாய் போய்விடாது. சீட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனால் மிளகாய் வீட்டுக்கு வந்துவிடாது. ஷார்ட்கட்டும் இவ்வளவுதான். இது தெரியாததால் இரண்டு பக்கமும் நஷ்டம். திரையில் படம் காணவில்லை என்றதும் கணக்கே போய்விட்டதாகப் பயந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது சின்ன நஷ்டம்.

பெரிய நஷ்டம் காப்பி எடுப்பதில் இருக்கிறது. தினமும் இரவு கடை அடைக்கும் முன், அந்தப் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'சென்ட் டூ' என்பதில் பிளாப்பியைத் தேர்ந்தெடுத்து, பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார் முதலாளி. பிளாப்பிக்குப் போனது சீட்டு மட்டும். அவரும் சும்மா விடுவதில்லை; மறுநாள் காலை அதே கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டுத் திறந்து சரிபார்ப்பார். கணக்கு அழகாகத் திறக்கும்! ஏனென்றால் சீட்டு சொல்லும் இடத்தில், அதே கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில், அசல் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் கெட்டு, வேறு கம்ப்யூட்டரில் போடும் அன்றுதான் உண்மை தெரியும். கடன் வாங்கிப் போனவர்களின் பாக்கியை அதன் பிறகு யார் நினைவில் வைத்து வசூலிப்பது? சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படியோ, ஆண்டு அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும். "சீட்டு இருக்கிறது, சரக்கு இல்லை" என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது.

ஷார்ட்கட்டை உண்டாக்கும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. மவுஸின் இடது பட்டனால் பில் போடும் புரோகிராமை இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால் விண்டோஸ் 95 தானாகவே ஷார்ட்கட் போட்டுக் கொடுக்கும். அதே பழக்கத்தில் கணக்கு ஃபைலை இழுத்து விட்டால், ஷார்ட்கட் வராது. ஃபைலே இடம் பெயர்ந்து வந்துவிடும். புரோகிராம் பழைய இடத்தில் தேடிவிட்டு ஃபைல் இல்லை என்று சொல்லும். ஒரே செய்கைக்கு இரண்டு பலன் வைத்தவர்களை என்ன சொல்வது! ஆகவே எப்போதும் வலது பட்டனால் இழுங்கள். விட்டவுடன் ஒரு பட்டியல் வரும். அதில் 'கிரியேட் ஷார்ட்கட் ஹியர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அசல் அசையாது.

அசலை யாராவது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் இன்னொரு தொல்லை. விண்டோஸ் தானாகத் தேடி, அளவு, தேதி, வகை ஆகியவற்றில் நெருங்கிய ஒரு ஃபைலைக் காட்டி, இதுதானா என்று கேட்கும். கடைப் பையன் படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால், சென்ற ஆண்டுக் கணக்கில் இந்த ஆண்டு வரவு ஏறவும் கூடும்.

இவ்வளவு தொல்லை இருப்பதால் ஷார்ட்கட்டே வேண்டாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கூட்ட நேரத்தில் பில் போடும் பையன் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்த் தேடிக் கொண்டிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அசலை நேரே தொடவிடாமல் சீட்டை மட்டும் அவன் கையில் கொடுப்பது ஒரு பாதுகாப்பும்கூட. என் வாதம் வேறு. கணக்கு இருக்கும் இடம் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் தெரிந்திருப்பது தவறு. கிடங்குச் சாவியை அப்படிக் கொடுத்து வைப்போமா?

பழைய பில்லிங் புரோகிராமுக்காகப் பழைய கம்ப்யூட்டரையே வைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது அவசரம். விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2006-லும், எக்ஸ்பிக்கு 2014-லும் நின்றுவிட்டன. புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த அம்புக்குறி இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது, பென் டிரைவிலும் சீட்டுதான் ஏறும்.

இன்று இரவு கடை அடைக்கும் முன் அந்தப் படத்தின் மேல் வலது பட்டனை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டார்கெட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருப்பது புரோகிராமின் விலாசமாக இருந்தால், கணக்கு ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் சேருகின்றன என்று புரோகிராம் கொடுத்தவரைக் கேட்டு, ரொக்கப் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். காப்பி எடுக்கும்போது அந்த ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். எடுத்த காப்பியின் அளவு 1 கேபி என்று காட்டினால் அது சீட்டுதான்; ஒரு வருடக் கணக்கு அவ்வளவு சிறியதாக இருக்காது. பிறகு அதைப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். புரோகிராம் அங்கே இல்லாததால் திறக்காமல் போகலாம். ஃபைல்களின் பெயரும் அளவும் தேதியும் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும்.