பத்து பேர்ல ஒரு பலியாடு

அப்ரைசல் சீசன் முடிஞ்சிருச்சு மக்களே. காலைல பெரும்பாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் எல்காட்டுக்கு பைக்ல போறப்ப, ஹெல்மெட்டையும் மீறி அவனவன் மூஞ்சிலயே ரேட்டிங் தெரியுது. எனக்கு நடு பக்கெட். அதனால இது வயித்தெரிச்சல் பதிவு இல்லை.

எங்க டீம்ல பத்து பேர். போன மாசம் ஒருத்தரை எச்.ஆர். கூப்பிட்டாங்க. ஆறு வருஷ சர்வீஸ். இருபது நிமிஷம் கழிச்சு வெளிய வந்தவர் லேப்டாப்பை ஒப்படைச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு, யாரையும் பார்க்காம கிளம்பிட்டார்.

இல்லை, தப்பு. அவர் எங்க எல்லாரையும் பார்த்தார். நாங்கதான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். என் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே ஓடல. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல இருந்து வர்ற ஹவுஸ்கீப்பிங் அக்கா மட்டும்தான், "என்ன சார், இன்னிக்கு சீக்கிரமே கிளம்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

அதுக்கு முந்தின வாரம்தான் ஈ.சி.ஆர். ரிசார்ட்ல டீம் அவுட்டிங். கயிறு இழுத்தோம். 'நாமெல்லாம் ஒரே ஃபேமிலி'ன்னு டேமேஜர் மைக் புடிச்சு உருகினார். எந்தக் குடும்பத்துலங்க வருஷத்துக்கு ஒருத்தரை வாசல்ல தள்ளி கதவை சாத்துவாங்க?

இந்தக் கூத்துக்குப் பேர் பெல் கர்வ். ஜாக் வெல்ச் 1980கள்ல ஜி.இ.ல பிரபலப்படுத்தினது. மேல 20 சதவீதம், நடுவுல 70, அடியில 10. அந்த அடிப் பத்து வெளிய போகணும். இதே ரகத்துல ஒண்ணை வச்சு மாரடிச்ச மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பர்ல தூக்கிக் கடாசிருச்சு. ஜி.இ.யும் அப்புறம் கைவிட்டாச்சு. எங்க ஆபீஸ்ல மட்டும் வருஷா வருஷம் புதுப் பேர் வச்சு அதையே கும்பிடறாங்க. பிராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வச்சவனுக்கே தெரியும், அந்த வளைவு ஏகப்பட்ட சாம்பிள் இருந்தா எட்டிப் பார்க்குற சமாச்சாரம். அஞ்சு ரவுண்டு இண்டர்வியூல சலிச்சு எடுத்த பத்து பேர்ல அதைத் தேடினா எப்படி கிடைக்கும்?

கணக்கு தப்புங்கறதைக் கூட விட்டுடலாம். அது மனுசனை என்னவா மாத்துதுன்னு பாருங்க. கே.டி. குடுக்கச் சொன்னா பாதியை முழுங்கிடறான். கெட்டிக்காரன் இன்னொரு கெட்டிக்காரன் இருக்குற டீமுக்கு வரமாட்டேங்கறான். டேமேஜர் சுமாரான ஒருத்தரை பலியாடா வளர்க்கறார். ஆடு கிடைக்கலைன்னா இருக்கவே இருக்காங்க, பிரசவ லீவுல போனவங்க. மத்தவங்க? ஆடு நாம இல்லைன்னு தெரிஞ்சதும் டீ குடிக்கப் போயிடறோம். நானும்தான்.

1918லயே பெரம்பூர் மில்லுக்காரங்க மெட்ராஸ் லேபர் யூனியனை ஆரம்பிச்சுட்டாங்க. படிச்சவங்க திரு.வி.க.வும் வாடியாவும் அவங்களோட நின்னாங்க. 2024ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளிங்க 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணி, அடுத்த ஜனவரில சங்கத்தைப் பதிவு பண்ணியே காட்டினாங்க. ஐ.டி. ஆளுங்களும் சங்கம் வைக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016லயே தெளிவாச் சொல்லிருச்சு. ஆனா நமக்கு கழுத்துல டேக் தொங்குதில்ல, தொழிலாளின்னு சொல்லிக்க கூச்சம்!

'சங்கம் வந்தா வேலையெல்லாம் வெளிய போயிடும் பாஸ்'னு ஆரம்பிக்காதீங்க. 2025 ஜூலைல டி.சி.எஸ். 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரை குறைக்கப் போறதா அறிவிச்சதே, அது யார் கொடி புடிச்சதால?

போனவருக்கு அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணினேன். எடுத்ததும் என்ன பேசறதுன்னு தெரியாம "சாரிங்க"ன்னேன். "அதை விடுங்க. கே.டி. டாக்குமெண்ட் முழுசா எழுதி ஷேர்ட் ஃபோல்டர்ல போட்டிருக்கேன். மாசக் கடைசி ஜாப் ஒண்ணு அடிக்கடி படுத்துக்கும், அதை மட்டும் பார்த்துக்குங்க"ன்னார்.

சங்க உறுப்பினர் படிவம் ஒண்ணு பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். பேர், முகவரி எல்லாம் எழுதியாச்சு. கம்பெனி பேர் கேட்குற கட்டம் மூணு வாரமா காலியாத்தான் கிடக்கு.