சராசரிக்குள் மறையும் காசிமேடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகளும், சரக்கு லாரிகள் ஓயாத சாலைகளும், ஆலைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. இங்கு வாழும் மக்களின் உடல்நலத்துக்கு ஒதுக்கப்படும் நிதியில் நுரையீரல் நோய்க்கு எவ்வளவு, சர்க்கரை நோய்க்கு எவ்வளவு, காசநோய்க்கு எவ்வளவு என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இக்கேள்விக்கு விடைகாண உருவானதே 'நோய்ச்சுமை' அளவீடு. உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளோடு, நோயுடன் கழிந்த ஆண்டுகளையும் அவற்றின் கடுமைக்கேற்ப மதிப்பிட்டுக் கூட்டுவதே இதன் சாரம். உயிரைப் பறிக்காவிட்டாலும் உழைப்பை முடக்கும் முதுகுவலியும் மனச்சோர்வும் இக்கணக்கில் இடம்பெறும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தியாவுக்கான மாநிலவாரி மதிப்பீட்டை 2017-இல் வெளியிட்டன. பயனுள்ள பணிதான். ஆனால், மாநிலச் சராசரியில் காசிமேட்டுக்கும் அடையாறுக்கும் வேறுபாடு தெரியாது. தரவு இல்லாத இடத்தைப் பிற பகுதிகளின் போக்கைக் கொண்டு நிரப்புவது கணித மாதிரிகளின் இயல்பு. ஒரு பகுதிக்கே உரிய பாதிப்பு அப்போது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இக்குறையைக் களையும் வழியைச் சென்னை முன்னரே கண்டிருக்கிறது. 1995 முதல் 1997 வரை நகரில் நிகழ்ந்த சுமார் 48,000 வயதுவந்தோர் மரணங்களை மருத்துவர் வி. கஜலட்சுமி தலைமையிலான குழு ஆராய்ந்தது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். இறந்தவருக்கு இருந்த அறிகுறிகளைக் குடும்பத்தினரிடம் கேட்டுப் பதிவு செய்தனர். அவற்றைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை நிர்ணயித்தனர். காரணம் தெளிவற்றுக் கிடந்த மரணங்களின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. அக்குழுவினர் 2003-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆண்களின் காசநோய் மரணங்களில் புகைப்பழக்கத்துக்கு உள்ள பெரும் பங்கை உணர்த்தியது.

இத்தகைய பயிற்சியை வடசென்னையின் மாநகராட்சி நலவாழ்வு மையங்களிலும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் நிலையான பாடமாக்க வேண்டும். நோய்ப்பரவல் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக உருவாக்கிவரும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. மரணச் சான்றிதழில் 'இதயம் செயலிழந்தது' என்று மட்டும் எழுதுவது காரணம் கூறுவதாகாது என்பது முதல் பாடம். வார்டையும் தொழிலையும் சேர்த்துப் பதிவது இரண்டாவது. சிறிய மக்கள்தொகையில் ஓரிரு மரணங்களே விகிதத்தைப் புரட்டிவிடும் என்பதால், பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது.

ஏற்கெனவே பதிவேடுகளால் திணறும் செவிலியர் மீது இதைக் கூடுதல் சுமையாக ஏற்றினால் பொய்க் கணக்கே மிஞ்சும். இதற்கெனப் பணி நேரமும் பணியிடங்களும் வேண்டும். அவர்கள் திரட்டும் தரவின் முடிவுகள் அவர்களிடமே திரும்பி வரவும் வேண்டும். நிதிப் பங்கீடு கணக்கைப் பார்த்தே நடக்கிறது. கணக்கில் வராத நோய்க்கு நிதி வருவதில்லை. அந்தச் செலவைக் காசிமேட்டுக் குடும்பங்களே சுமக்கின்றன.