இருக்கையைக் கழற்றினால் போதுமா?

அமெரிக்காவில் சிறு டிரக் வைத்திருப்போர் சிலர், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தை வளர்ப்பு நாய்க்கு ஒதுக்குகிறார்கள். "மனிதன் உட்காரும் இடம் நாய்க்கா?" என்று நண்பர்கள் நகைக்கலாம். நான் நகைக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் இடம் பெற்ற முதல் ஆள் நான். இடம் கொடுப்பதன் அருமை எனக்குத் தெரியும்.

அந்நாட்டில் இவ்வழக்கத்துக்குப் பெரியவர்களும் துணை நிற்கிறார்கள். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் சார்லி என்னும் தம் நாயோடு டிரக்கில் நாட்டைச் சுற்றினார். 1962இல் அப்பயணம் நூலாக வந்தது. நோபல் பரிசும் அவ்வாண்டே அவரை நாடி வந்தது.

ஆனால் அன்பு மட்டும் போதாது. நாம் வகுப்பில் படிக்கும் பௌதிகமும் வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதோ மோதி நின்றுவிடுகிறது. நியூட்டனின் முதல் விதிப்படி, கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னே பாயும். 20 கிலோ நாயை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தச் சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எந்தக் கை அதைத் தாங்கும்? முன்பக்கக் காற்றுப்பை விரிந்தால் அதுவும் நாய்க்கு ஆபத்தே.

கலிபோர்னியாவில் டிரக்கின் திறந்த பின்தட்டில் நாயைக் கட்டாமல் ஏற்றிச் செல்வதைச் சட்டமே தடுக்கிறது. உள்ளே அமரும் நாய்க்கும் அந்தக் காப்பு வேண்டாமா? பின்னிருக்கை உள்ள வண்டியானால் நாயை அங்கே மார்புப்பட்டையால் பிணைப்பதே நல்லது. இருக்கையைக் கழற்றியே தீருவோமென்பவர்கள், அங்கே உறுதியான கூண்டொன்றைத் தளத்தோடு இறுகப் பூட்டட்டும். இடம் கொடுத்தவனுக்குக் காக்கும் கடமையும் உண்டு என்பதே என் கருத்து.