சுதேசி செயலியில் சாதி இல்லையா?

2025 ஆகஸ்டில் டிரம்ப் 50 சதவீத வரி விதித்ததும், 'அமெரிக்கப் பொருள் வேண்டாம், சுதேசி வாங்கு' என்ற குரல் எழுந்தது. வாட்ஸ்அப்புக்குப் பதில் அரட்டை, கோக்குக்குப் பதில் பொவன்டோ. ஐரோப்பியர்களும் இப்படித்தான் சொந்த மாற்றுகளைத் தேடுகிறார்கள். வல்லரசின் மிரட்டலுக்குப் பணியாதது சரியே. ஆனால், முதலாளியின் நாடு மாறினால் சாதி ஒழிந்துவிடுமா?

2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அங்கே சாதியைக் கொண்டுபோனவர்கள் நம்மவர்களே. இங்கோ தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடே கிடையாது.

கதர் சுமந்து விற்ற பெரியார், வகுப்புவாரி உரிமை மறுக்கப்பட்டதும் 1925இல் காஞ்சிபுரத்தில் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஐ.டி. வேலை தேடிப் போகும் தோழர்களே, செயலியை மாற்றுங்கள். கூடவே, 'உங்கள் சுதேசி நிறுவனத்தில் எங்களுக்கு எத்தனை இடம்?' என்றும் கேளுங்கள்.